தாளிக்கும் சூரியன், திறக்கும் மடை

2024 மே 10ஆம் தேதி இரவு சுமார் பத்தரை மணி. இந்தியாவின் காந்த ஆய்வகங்களில் பூமியின் காந்த வலிமையைக் காட்டும் கோடு திடீரென்று ஒரு படி மேலே தாவியது. நம் வீடுகளில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. ஆனால் சற்று நேரத்தில் அந்தக் கோடு இறங்கத் தொடங்கியது. விடிய விடிய இறங்கியது. அதே இரவில் லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில் அடிவானம் செக்கச் சிவந்து பதிவாயிற்று. அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகளின் டிராக்டர்கள் நேர்கோட்டில் போக முடியாமல் தடுமாறின. 2003க்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகப் பெரிய காந்தப்புயல் அது.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியன், அமெரிக்க வயலில் ஓடும் டிராக்டரை எப்படித் தொட்டது? படிப்படியாகப் போய்ப் பார்ப்போம். சமையலறையில் தொடங்கி வயல் வரப்பு வரை நடந்தால் போதும், முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் கிரைண்டரைப் பாருங்கள். உளுந்து அரைபடும்போது மாவு ஒரே கட்டியாகச் சுற்றுவதில்லை. ஓரிடத்தில் வேகமாக ஓடும், ஓரிடத்தில் பின்தங்கி வழியும். அந்த மாவில் ஒரு நூலைக் குறுக்கே போட்டால் என்ன ஆகும்? நூலின் ஒரு பகுதி முன்னே இழுபடும், மற்றது பின்னால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் நூல் சுற்றிச் சுற்றி முறுக்கேறிவிடும். சூரியனும் திடப்பொருள் இல்லை. மின்சாரம் பாயக்கூடிய சூடான வாயுக்குழம்பு அது. பிளாஸ்மா என்று பெயர். அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒரு சுற்றை ஏறக்குறைய 25 நாளில் முடித்துவிடும். துருவங்களை ஒட்டிய பகுதிக்கு 35 நாள் வரை ஆகும். மின்சாரம் நன்றாகப் பாயும் குழம்பில் காந்தப்புலம் ஒட்டிக்கொண்டுவிடும். குழம்பு போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும். ஆகவே வடக்கு தெற்காக நீண்டிருந்த காந்தக் கோடுகள், மாவில் விழுந்த நூலைப்போல, ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி முறுக்கேறுகின்றன.

முறுக்கு மிகுந்தபின் அந்தக் கோடுகள் கயிறாகத் திரண்டு மேலே எழும்பிச் சூரியனின் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளைத்த இடத்தில் அடியிலிருந்து வெப்பம் ஏறிவர முடியாதபடி காந்தம் தடுக்கும். அதனால் அங்கே மட்டும் வெப்பம் குறைந்து கருப்பாகத் தெரியும். அதுதான் சூரியப்புள்ளி. இந்தப் புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை மாறிமாறி வரும். நம் கொடைக்கானலில் 1899இல் அமைந்த சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுக்கும் மேலாக இவற்றைப் படம்பிடித்து வைத்திருக்கிறது. உலக அறிவியலுக்குத் தமிழ்நாட்டு மலை ஒன்று கொடுத்த பெரிய சொத்து அந்தப் பட வரிசை. 2024 மே மாதம் வந்த புள்ளிக்கூட்டத்தின் எண் 13664. அதன் அகலத்தில் பூமியைப் போல் பதினைந்து உருண்டைகளை வரிசையாக வைக்கலாம்.

அடுத்து, முறுக்கிய கயிறு எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு கட்டத்தில் காந்தக் கோடுகள் அறுந்து, பக்கத்துக் கோடுகளோடு வேறு விதமாகச் சேர்ந்துகொள்ளும். அப்போது முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் எல்லாம் ஒரே வீச்சில் வெளியேறும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சூரியனிலிருந்து வருவது ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்கள், மூன்று வெவ்வேறு வேகத்தில் வருகின்றன.

தாளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டாயிற்று. முதலில் சட்டியில் குபீரென்று எழும் பளிச்சிடல் உடனே கண்ணில் படும். பிறகு ஒன்றிரண்டு கடுகு தெறித்து மேலே வந்து விழும். மிளகாய் நெடி மட்டும் மெதுவாகக் கூடத்தைக் கடந்து, வாசல் திண்ணையில் இருப்பவரைப் போய்ச் சேரும். அவருக்கு இருமல் வருவது கடைசியில் வந்த அந்த நெடியால்தான்.

சூரியனிலும் இதே வரிசை. பளிச்சிடல் என்பது எக்ஸ்-கதிர் வீச்சு. ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். வந்ததும் பகல் பக்கத்தில் உள்ள மேல்வளிமண்டலத்தைக் கலக்கிச் சிற்றலை வானொலியைச் சிறிது நேரம் அடைத்துவிடும். தெறிக்கும் கடுகு என்பது அதிவேகப் புரோட்டான்கள். அவற்றில் மிக வேகமானவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்து செயற்கைக்கோள்களைத் தாக்கும். நெடி என்பது சூரியன் உமிழ்ந்த பிளாஸ்மா மேகம். நூறு கோடி டன் கணக்கில் எடையுள்ள அந்த மேகம், சூரியனின் காந்தக் கயிற்றின் ஒரு துண்டையும் தன்னோடு சுமந்துகொண்டு வரும். வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். பூமியின் காந்தத்தைப் புயலாகக் கலக்குவது இந்த மூன்றாவது ஆள்தான். 2024இல் மே 8ஆம் தேதி முதல் அடுத்தடுத்துப் பல மேகங்கள் கிளம்பின. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்து ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, 10ஆம் தேதி இரவு நம்மை வந்தடைந்தன.

நூறு கோடி டன் என்றதும் பெரிய அடி என்று தோன்றும். ஆனால் அது பரந்து விரிந்து நம்மிடம் வரும்போது, ஒரு டீஸ்பூன் அளவு இடத்தில் நூறு இருநூறு துகள்தான் இருக்கும். அடுப்படிக் காற்றில் அதே டீஸ்பூனில் கோடி கோடிக் கணக்கில் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆகவே, புயலை உண்டாக்குவது அதன் எடை அல்ல. அது சுமந்து வரும் காந்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வயலுக்கு இறங்குவோம்.

பூமிக்குள் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு கொதித்துப் புரண்டுகொண்டிருக்கிறது. அந்தப் புரளலில்தான் பூமியின் காந்தப்புலம் பிறக்கிறது. அது விண்வெளியில் வெகுதூரம் விரிந்து, சூரியனிலிருந்து எப்போதும் வீசிக்கொண்டிருக்கும் மெல்லிய சூரியக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. வயலைச் சுற்றிய வரப்பு வெள்ளத்தைத் தடுப்பதுபோல. சூரியனைப் பார்த்த பக்கத்தில் இந்த வரப்பு சாதாரண நாளில் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். எதிர்ப்பக்கத்திலோ காற்றடிக்கும் திசையில் இழுபட்டு, நிலாவைத் தாண்டி நீண்ட வாலாகிவிடும்.

மேகம் வந்து மோதியதும் முதலில் வரப்பு உள்ளே அழுந்தும். மே 10 இரவில் அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களின் பாதைக்கும் உள்ளே தள்ளப்பட்டது. வரப்பு நெருங்கியதால் தரையில் காந்தம் சற்றே கூடியது. ஆய்வகக் கோடு ஒரு படி மேலே தாவியது இதனால்தான். ஆனால் இது வெறும் முதல் தட்டு. இதோடு எல்லாம் முடிந்துபோகும் நாள்களும் உண்டு.

முடியுமா, புயலாக வளருமா என்பதை முடிவுசெய்வது ஒரே ஒரு சங்கதி. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வந்த மேகத்தின் காந்தம் எந்தத் திசையைப் பார்க்கிறது?

வரப்பில் ஒரு மடை இருக்கிறது. வெளியே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மடை அடைத்திருக்கும் வரை வயல் நனையாது. மடை திறந்துவிட்டால் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே பாய்ந்துவிடும். பூமியின் வரப்பில், சூரியனைப் பார்த்த முன்பக்கத்தில், காந்தக் கோடுகள் வடக்கு நோக்கி இருக்கின்றன. வரும் மேகத்தின் காந்தமும் வடக்கு நோக்கியே இருந்தால் இரண்டும் ஒரே திசை. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு மேகம் பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். மடை அடைத்தே இருக்கும். மேகத்தின் காந்தம் தெற்கு நோக்கி இருந்தால் நிலைமை தலைகீழ். எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டு கோடுகள் நெருங்கும்போது இரண்டும் அறுந்து, சூரியனின் கோடு பூமியின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். சூரியனின் மேற்பரப்பில் நடந்ததாகச் சொன்னோமே, அதே அறுதலும் சேர்தலும் இப்போது நம் தலைக்கு மேலே. மடை திறந்துவிட்டது. எத்தனை மணி நேரம் தெற்கு நோக்கி இருக்கிறதோ அத்தனை மணி நேரமும் ஆற்றல் உள்ளே பாயும்.

அதனால்தான் பெரிய வெடிப்பு என்று அறிவித்துவிட்டு எதுவும் நடக்காத நாள்கள் வருகின்றன. சூரியனிலிருந்து மேகம் கிளம்புவதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். அதன் வேகத்தைக் கணிக்கலாம். ஆனால் அது சுமந்து வரும் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இங்கிருந்தபடி நம்பகமாகச் சொல்லும் வழி இன்னும் கைகூடவில்லை. மேகம் நேரில் வந்து ஒரு கருவியைக் கடக்கும்போதுதான் தெரியும். அதற்காகவே, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சில விண்கலங்கள் காவல் நிற்கின்றன. இந்தியாவின் ஆதித்யா எல்-1 கலமும் 2024 ஜனவரி 6ஆம் தேதி முதல் அங்கே இருக்கிறது. அதில் காந்தத்தின் திசையை அளக்கும் கருவியும் உண்டு. மேகம் நொடிக்கு 750 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்தக் காவலிடத்திலிருந்து நம்மை அடைய 33 நிமிடம். ஒன்று முதல் மூன்று நாள் முன்பே மேகம் கிளம்பியது தெரியும். மடை திறக்குமா என்பது தெரியக் கிடைப்பது ஏறக்குறைய அரை மணி நேரம்.

இனி, உள்ளே பாய்ந்த ஆற்றல் எங்கே போகிறது? முதலில் அது பூமியின் பின்னால் உள்ள நீண்ட வாலில் போய்ச் சேரும். அங்கே காந்தக் கோடுகள் இழுபட்டு இழுபட்டு, தாங்க முடியாத நிலையில் மறுபடியும் அறுந்து சேரும். அப்போது வாலில் இருந்த துகள்கள் பூமியை நோக்கி விசையோடு எறியப்படும். அவற்றில் ஒரு பங்கு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவப் பக்கமாக இறங்கி, மேல்வளிமண்டலத்தில் மோதும். மோதிய ஆக்சிஜன் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே பச்சையாகவும், இருநூறு கிலோமீட்டருக்கு மேலே சிவப்பாகவும் ஒளிரும். துருவ ஒளி அதுதான். ஹான்லேயின் சிவப்பும் அந்த உயரத்து ஆக்சிஜனின் நிறமே.

இன்னொரு பங்கு துகள்கள் பூமிக்கு வந்துசேர்வதில்லை. நடுக்கோட்டுக்கு மேலே, பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும். நேர்மின் துகள்கள் மேற்குப் பக்கமாகவும், எலக்ட்ரான்கள் கிழக்குப் பக்கமாகவும் நகரும். இரண்டும் சேர்ந்தால் மேற்கு நோக்கி ஓடும் ஒரு பெரிய மின்னோட்டம். பூமியைச் சுற்றிப் போட்ட வளையம் அது. மின்னோட்டம் இருந்தால் அதற்கென்று ஒரு காந்தமும் இருக்கும். இந்த வளையத்தின் காந்தம் பூமியின் காந்தத்துக்கு எதிர்த் திசையில் அமைகிறது. ஆகவே தரையில் நாம் அளக்கும் காந்தம் குறைகிறது. ஆய்வகக் கோடு விடிய விடிய இறங்கியதற்குக் காரணம் இந்த வளையம் பெருத்துக்கொண்டே போனதுதான். மே 11 காலையில் குறைவு சுமார் 400 நானோ டெஸ்லாவைத் தொட்டது. தென்னிந்தியாவில் பூமியின் காந்தம் ஏறக்குறைய 40,000 நானோ டெஸ்லா என்பதால், நூற்றில் ஒரு பங்கு. அதன்பின் துகள்கள் மெல்ல மெல்லக் கரைய, கோடு பழைய நிலைக்குத் திரும்பச் சில நாள் ஆயிற்று.

இந்த அளவீட்டில் நம் நாட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1859 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப்புள்ளிக்கு மேலே ஒரு வெள்ளொளிப் பளிச்சிடலைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் பூமியில் பெரும் காந்தப்புயல் மூண்டது. உலகின் பல ஆய்வகங்களின் கருவிகள் அளவு தாண்டிப்போய்விட்ட அந்த நாளில், பம்பாய் கொலாபா ஆய்வகம் விடாமல் குறித்து வைத்தது. அங்கே காந்தம் சுமார் 1,600 நானோ டெஸ்லா குறைந்தது. இன்றும் அந்தப் புயலை எடைபோட அறிஞர்கள் புரட்டுவது கொலாபாவின் ஏட்டைத்தான். பின்னாளில் பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தது. அதன் மின்னோட்டம் கருவிகளைக் குழப்பிவிடும் என்பதால் 1904இல் காந்த அளவீட்டைக் கடலோர அலிபாகுக்கு மாற்றினார்கள். எவ்வளவு நுண்ணிய அளவீடு இது என்பதற்கு அந்த இடமாற்றமே சாட்சி.

நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன பெரிய கேடு என்று கேட்கலாம். குறைவதால் கேடு இல்லை. வேகமாக மாறுவதால்தான் கேடு. காந்தம் மாறும் இடத்தில் கம்பி இருந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதே விதியால்தான். துருவ ஒளி ஆடும் பகுதிகளுக்குக் கீழே, வானில் பாயும் மின்னோட்டங்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தரையின் காந்தமும் கூடவே மாறும். அந்த மாற்றம் மண்ணுக்குள் மின்சாரத்தை ஓடவிடும்.

மறுபடியும் வயல்தான். மண் ஈரத்தை உறிஞ்சினால் தண்ணீர் ஊறிப் போய்விடும். அடியில் பாறையாக இருந்தால் ஊற இடமின்றி வாய்க்காலைத் தேடி ஓடும். கனடாவின் கியூபெக் மாநிலத்தின் அடியில் இருப்பது மின்சாரம் எளிதில் ஊடுருவாத பழம்பாறை. அதன் மேல், வடக்கே இருக்கும் நீர்மின் நிலையங்களிலிருந்து தெற்கே நகரங்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கம்பிகள் போகின்றன. 1989 மார்ச் 13 அதிகாலையில் வந்த புயலில், பாறைக்குள் போக முடியாத மின்னோட்டத்துக்கு அந்தக் கம்பிகளே வாய்க்காலாயின.

கம்பிகளின் முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர், நொடிக்குப் பலமுறை திசை மாறும் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. புயலால் வரும் மின்னோட்டம் மெதுவானது. ஒரே பக்கமாக நிமிடக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே உள்ள இரும்பு ஒரு பக்கமாகக் காந்தம் ஏறி நிரம்பிவிடும். நிரம்பியபின் அது தன் வேலையைச் சரியாகச் செய்யாது. சூடேறும், மின்சாரத்தின் சீரான அலையைக் கெடுக்கும். கெட்ட அலையைக் கண்ட பாதுகாப்புக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பைத் துண்டித்தன. ஒன்றரை நிமிடத்தில் கியூபெக்கின் மொத்த மின்கட்டமைப்பும் விழுந்தது. 60 லட்சம் மக்கள் குளிர் மிகுந்த மார்ச் மாதத்தில் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள்.

வளிமண்டலமும் சும்மா இருப்பதில்லை. அடியில் தீ கூடினால் பால் பொங்கி மேலே வருவதுபோல, புயலின் ஆற்றலால் சூடான மேல்வளிமண்டலம் உப்பி உயரும். வெறும் வெளியில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் திடீரென்று காற்றுக்குள் சிக்கி வேகம் இழக்கும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படி விழுந்து எரிந்தன. அன்று வந்தது சிறிய புயல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது டிராக்டர். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோளின் சமிக்ஞை நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்து இடத்தைச் சொல்லும் ஏற்பாடு. அந்தச் சமிக்ஞை, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்தைக் கடந்துதான் வரவேண்டும். புயலில் அந்த மண்டலம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கலங்கிவிடும். சமிக்ஞை கணக்கில் இல்லாத அளவு தாமதமாகும். விதையைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் போடும் டிராக்டருக்கு அந்தத் தாமதமே போதும், வரிசை தவறிவிடும்.

தமிழ்நாடு இருக்கும் இடமும் இந்தக் கதையில் தனித்தன்மை உடையது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதன் நேர்மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு குறுகிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. பகலில் புயல் தட்டினால், அந்த முதல் தாவல் இங்கே மற்ற இடங்களைவிடப் பெரிதாகப் பதிவாகும். திருநெல்வேலிக்கு அருகில் இந்தியப் புவிகாந்த நிறுவனம் ஒரு ஆய்வுக்கூடத்தை வைத்திருப்பது இந்த இட விசேஷத்துக்காகத்தான். ஆனால் துருவ ஒளிப் பகுதியிலிருந்து வெகுதூரம் இருப்பதால், கியூபெக்கில் நடந்ததுபோல் நம் மின்கட்டமைப்பு சாய்வதற்கான வாய்ப்பு குறைவு. நாம் கவனமாக இருக்க வேண்டியது செயற்கைக்கோள், ஜிபிஎஸ், விமானத் தொடர்பு ஆகியவற்றில்.

அடுத்த முறை 'சூரியப்புயல் வருகிறது' என்று செய்தி வந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வருவது பளிச்சிடலா, தெறிக்கும் துகளா, மேகமா? மேகம் என்றால் அதன் காந்தம் தெற்கு நோக்கியிருப்பதாக அளந்திருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத செய்தி பாதிச் செய்திதான். 'இன்று இரவு செல்போனை அணைத்து வையுங்கள், வெடித்துவிடும்' என்று யாராவது அனுப்பினால் அதை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். பெரும்புயலிலும் தரையில் பிறப்பது ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சில வோல்ட்தான். ஆயிரம் கிலோமீட்டர் மின்கம்பிக்கு அது ஆபத்து. ஒரு சாண் நீளமுள்ள உங்கள் செல்போனில் அது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.